சீதன மெஷினுக்கு மூன்று மோட்டார்

எங்கள் ஊர் ஹௌலியில் சாக்ஸபோன் ஊதத் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. அந்தச் சாக்ஸபோனுக்கு ஏதாவது ஒரு சாமான் செய்யாத வீடுதான் குறைவு. ஒரு வீட்டில் தகடு வளைப்பார்கள், அடுத்த வீட்டில் பற்றவைப்பார்கள், அதற்கும் அடுத்த வீட்டில் பாலிஷ். நான் அந்த நாட்களில் ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் முடிந்த சாமான்களை வாங்கி, கோர்க்கிற பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையில் இருந்தேன். எந்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

எங்கள் சந்தில் லாய் வீட்டைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். அந்த வீட்டு சூமெய் அக்காவின், உலோகம் வெட்டுகிற மில்லிங் மெஷின் காலையில் ஒரே சீராக உறுமும். பூஜை மாடத்துக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே, இடுப்புயர மேடை மேல் அது உட்கார்ந்திருந்தது. சாக்ஸபோனின் விசைகளைத் தாங்கி நிற்கிற சின்னச் சின்னப் பித்தளைத் தூண்கள் இருக்கின்றனவே, சுண்டுவிரல் நுனி அளவு, அவற்றுக்குக் குறுக்குத் துளை போட்டுப் பள்ளம் வெட்டுவது அக்காவின் வேலை. அவள் கணவர் ஜின்ஹுவோ அண்ணன் கொல்லைப்புறத்தில் பாலிஷ் போடுவார். மூக்கு நுனி எப்போதும் கறுப்பாக இருக்கும்.

அந்த மெஷின் அக்காவின் சீதனம். அவளுடைய அப்பா ஷென்காங்கில் ஒரு மெஷின் கம்பெனியில், வெட்டுகிற சாமானை ஏற்றி நகர்த்துகிற மெஷின் மேசைகளின் அடிப்பரப்பை உளியால் சுரண்டிச் சமன் செய்கிறவர். கல்யாணத்துக்கு நகை வேண்டுமா, வாஷிங் மெஷின் வேண்டுமா என்று கேட்டதற்கு, "மில்லிங் மெஷின்" என்றாளாம் மகள். சொந்தக்காரர்கள், "பொண்ண அனுப்புறீங்களா, இல்ல ஃபாக்டரிய அனுப்புறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். லாரியில் மெஷின் முன்னால் வர, மணப்பெண் கார் பின்னால் வந்தது என்று ஜின்ஹுவோ அண்ணன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

பிளம் காய் பழுக்கிற காலத்து மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் நான் போனபோது லாய் வீட்டுப் பக்கம் சத்தமே இல்லை. ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். பிளாஸ்டிக் முக்காலியில் சூமெய் அக்கா. வலது கையை ஒரு துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

"என்னக்கா ஆச்சு? விழுந்துட்டீங்களா?"

"விழல. அம்பது தோள் வந்திருக்கு."

எங்கள் பக்கம் அந்த வியாதிக்கே அதுதான் பெயர். ஐம்பது வயதில் தோள் பூட்டு இறுகிப்போய்க் கை மேலே எழும்பாது.

"எனக்கு அம்பத்திமூணு. மூணு வருஷம் லேட்டு. இந்தச் சந்துல தபால்கூட அப்படித்தானே வருது!" என்றாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"தூக்காதே, சுத்தாதே, பாரம் தாங்காதேன்னாரு. அப்ப மிச்சம் என்ன இருக்குன்னு கேட்டேன். நல்லாச் சாப்பிடுங்கம்மான்னாரு. எந்தக் கையாலன்னு கேட்டேன். அதுக்குப் பதில் இல்ல."

"எத்தன நாளாகுமாம்?"

"ஒரு வருஷமாம். ரெண்டும் ஆகலாமாம்."

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. மெஷின் மேசையை நகர்த்துகிற கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவள் உள்ளங்கை பட்டுப் பட்டு, அந்தக் கைப்பிடியின் குமிழ் கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தது.

அன்றைக்கு மெஷினில் நின்றவர் ஜின்ஹுவோ அண்ணன். பெரிய உடம்பு, பெரிய கை. அந்தக் கையால் அவர் கைப்பிடியைச் சுற்றுவது, யானை ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி இருந்தது.

"ரெண்டே கால் சுத்து. ரெண்டே கால்! மூணு சுத்திட்ட."

"திருப்பிட்டாப் போச்சு."

"திருப்பினா மேசை உடனே வராது. நட்டு தேஞ்சு ப்ளே இருக்கு. கால் சுத்து வெறுமனே சுத்தும், அப்புறம்தான் மேசை நகரும். நான் அத மணிக்கட்டுலயே வெச்சிருந்தேன். உனக்கு எப்படிச் சொல்லுவேன்?"

"அதத்தான் சொல்லேன்."

"மணிக்கட்டு பேசுமாய்யா?"

அண்ணன் ஒரு தூணை இறுக்கிப் பிடிக்கிற வைஸிலிருந்து கழற்றி நீட்டினார். துளை ஓரமாகப் போயிருந்தது. அக்கா அதை இடது கையால் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நல்லாருக்கு. நூல் கோர்த்து நாய்க்குக் கழுத்துல கட்டலாம்."

அன்று என் கூடை காலியாகவே திரும்பியது.

*

மழை விடவில்லை. துவைத்த துணி காயாமல் நாறியது. தாஜியா ஆற்றில் செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அடுத்த முறை நான் போனபோது ஜின்ஹுவோ அண்ணன் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டு செல்போனைக் காட்டினார். எங்கேயோ ஒரு வெளிநாட்டுக்காரன், இதே மாதிரிச் சின்ன மில்லிங் மெஷினின் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு அந்த இடங்களில் மோட்டாரை மாட்டிக்கொண்டிருந்தான்.

"பாத்தியாடா ஆ-பின்? மூணு பக்கத்துக்கு மூணு மோட்டார். உள்ள இருக்கிற பழைய ஸ்க்ரூ ராட எடுத்துட்டு குண்டு உருள்ற பால் ஸ்க்ரூ போட்டா ப்ளேயும் இல்ல. கம்ப்யூட்டர்ல நம்பர் அடிச்சா மேசை தானே போகும், தானே வரும். சி.என்.சி.! உங்கக்கா விரல அசைச்சாப் போதும்."

"அக்காட்ட சொல்லிட்டீங்களா?"

"நீ சொல்றியா?"

அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? எந்த மேசை தானே போகுது?"

அண்ணன் உள்ளே போய்ச் சொன்னார். நான் வாசலிலேயே நின்றேன். புத்திசாலி எவனும் அதைத்தான் செய்வான்.

"மோட்டார் மாட்டணும்னா எதுல மாட்டுவ?"

"மெஷின் உடம்புலதான். சின்னச் சின்னதா எட்டு பத்து ஓட்டை."

"எங்கப்பா குடுத்த மெஷின்ல நீ ஓட்டை போடுவியா? அதுக்கு முன்னாடி உன் மண்டையில போட்டுக்க. ஏற்கெனவே ஒண்ணு இருக்கும், பாத்துப் போடு."

"உன் கைக்காகத்தானடி சொல்றேன்."

"என் கைய நான் பாத்துக்கறேன்."

அதோடு பேச்சு நின்றது. நாலைந்து நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. சமையல் அண்ணன் கைக்கு வந்தது. உப்பிட்ட முள்ளங்கி போட்டு முட்டை பொரிக்கிறேன் என்று முள்ளங்கியை அலசாமலேயே போட்டார். கஞ்சியோடு அதை ஒரு வாய் வைத்த அக்கா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். திட்டாமல் போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அன்று நான் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். ஷட்டரிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆ-பின், ஒண்ணு கேக்கறேன். மெஷின் தானே ஓடும்னா, பக்கத்துல நான் எதுக்கு? பூச்சாடி மாதிரி நிக்கவா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்றேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

*

நிலைமை மாறியது ஒரு படத்தால். ஜின்ஹுவோ அண்ணன் மனம் விடவில்லை. கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் மோட்டார் தாங்குகிற பிராக்கெட்டை வரைந்து வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வரைந்ததை அப்படியே சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டுப் பாலிஷ் போடப் போய்விட்டார். நான் கூடையை இறக்கிக்கொண்டிருந்தேன். அக்கா தேநீர்க் கோப்பையோடு வந்தவள், தாளைப் பார்த்தாள். நகர்ந்தாள். திரும்பி வந்து மறுபடி பார்த்தாள்.

"யோவ்!"

கொல்லையில் பாலிஷ் சக்கரம் நின்றது.

"இதப் போட்டது யாரு, நீயா?"

"ஆமா."

"இந்தப் பிராக்கெட்ட இப்படி வெச்சா மோட்டார் எங்க நிக்கும்? ஃபிரிட்ஜுக்குள்ளயா? மேசை கடைசிவரைக்கும் வந்தா இங்க இடிக்குமே, அத யோசிச்சியா? ஸ்க்ரூவோட நடுவும் மோட்டாரோட நடுவும் ஒரே கோட்டுல இருக்க வேணாமா? இது என்ன, பிராக்கெட்டா, கோழிக்கூண்டா?"

"அப்ப எப்படிப் போடணும்?"

"பென்சில் குடு."

இடது கையால் வரைந்தாள். கோடுகள் மழைப்புழு மாதிரி நெளிந்தன. ஆனால் அளவுகள் ஒவ்வொன்றையும் மெஷினைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எழுதினாள். எழுதி முடித்துத் தாளைத் தள்ளிவிட்டாள்.

"நான் சரின்னு சொல்லல. தப்பா ஒரு படம் கண்ணு முன்னால கிடந்தா எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்."

அண்ணன் என்னைத் தாண்டிக் கொல்லைப் பக்கம் போகும்போது முகமெல்லாம் பல். "பேசிட்டாடா" என்றார் காதோடு.

"அண்ணே, நெசமாச் சொல்லுங்க. வேணும்னேதானே தப்பா வரைஞ்சீங்க?"

சிரிப்பு சட்டென்று நின்றது. "வேணும்னேவா? ரெண்டு நாளு மண்டைய உடைச்சு வரைஞ்சதுடா அது!"

அதற்குப் பிறகு அக்கா 'சரி' என்று ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தாளாகத் திருத்தினாள். ஃபெங்யுவானிலிருந்து மோட்டார் பெட்டிகள் வந்து இறங்கியபோது, "வாசல்லயே வெச்சா மழையில நனையாதா?" என்று மட்டும் கேட்டாள். பால் ஸ்க்ரூவை அட்டைக் குழாயிலிருந்து உருவி, அதன் நட்டை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி ஓடியது. திருப்பித் தள்ளினாள். உடனே திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள். நான் கூடையைக் கட்டி முடிக்கும்வரை தள்ளிக்கொண்டேயிருந்தாள்.

*

இந்த வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. மோட்டாரை மாட்டுகிற பிராக்கெட்டுகளை அலுமினியக் கட்டியில் வெட்டி எடுக்க ஒரு மில்லிங் மெஷின் வேண்டும். வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று, அதைத்தான் பிரிக்கப்போகிறோம். ஆகவே பிரிப்பதற்கு முன்னாலேயே தனக்கு வேண்டியதையெல்லாம் அந்த மெஷினே செய்துகொண்டாக வேண்டும். பிரித்த பிறகு ஒரு துண்டு தப்பாகிப்போனால் கதை முடிந்தது.

"தனக்குத்தானே பிரசவம் பாத்துக்கற மாதிரி" என்றாள் அக்கா.

அந்த வாரம் முழுக்க நான் கண்ட காட்சியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அண்ணன் கைப்பிடியைப் பிடித்து நிற்பார். அவர் பின்னால் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி, தன் இடது கையை அவர் மணிக்கட்டின் மேல் வைத்திருப்பாள் அக்கா.

"மெதுவா. மெதுவா. இப்பப் பிடி. கேக்குதா? சத்தம் மாறுதில்ல? கட்டர் அழுவுது. கொஞ்சம் விடு."

"எனக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணாத்தான் கேக்குது."

"நான் கூப்பிடறது மட்டும் உனக்கு எப்பக் கேட்டிருக்கு, இது கேக்க?"

ஆனால் மூன்றாவது பிராக்கெட்டிலேயே அவர் கை பழகிவிட்டது. நாலாவதை அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நாய்க்குக் கட்டச் சொல்லவில்லை. மேஜையில் வைத்தாள். அண்ணன் அன்றைக்கு இரண்டு கிண்ணம் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

மெஷினைப் பிரித்த நாளில் வெயில் வந்துவிட்டது. அக்கா பூஜை மாடத்தில் ஊதுவத்தி ஏற்றிவிட்டு, மெஷின் தலைமேல் பச்சைப் பொட்டலத்துத் தேங்காய்ப் பொரி ஒன்றை வைத்தாள். அந்தப் பொரிக்குப் பெயரே 'சமர்த்து'. எங்கள் ஊரில் சமர்த்துப் பொட்டலம் இல்லாத மெஷின் கிடையாது. அது இருந்தால் மெஷின் முரண்டு பிடிக்காது. பச்சைதான் வைக்க வேண்டும், காலாவதியாகவும் கூடாது.

மேசையை நானும் அண்ணனும் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்தோம். அடிப்பரப்பில் எண்ணெய்க்கு அடியில், வரிசை வரிசையாகப் பிறைநிலா வடிவில் உளித்தடங்கள், நேற்றுச் சுரண்டின மாதிரி மின்னின. அக்கா குனிந்து துணியால் துடைத்தாள்.

"இங்க பாருடா, எங்கப்பா கையெழுத்து. ஒவ்வொரு நிலாவும் ஒரு தள்ளு. இடுப்பால தள்ளுவாரு." கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு நிமிர்ந்தாள். "இதுல கை வைக்கக் கூடாது. ஓட்டையெல்லாம் வெளிப்பக்கம். நான் குறிக்கிற இடத்துல மட்டும்."

குறித்த இடத்தில், துளைக்கு முன்குழி போடுகிற பஞ்ச்சை இடது கையால் பிடித்துக்கொண்டாள். "ம், அடி."

அண்ணன் சுத்தியலைத் தூக்கினார். இறக்கினார். "உன் விரல்ல பட்டுடும்."

"பட்டா பட்டுட்டுப் போவுது. உன் முள்ளங்கி முட்டையவே தாங்கினவ நான்."

அடித்தார். சரியாக விழுந்தது.

*

அப்புறம்தான் அந்த ரெண்டு மில்லிமீட்டர் சிக்கல் வந்தது. முன்பின் போகிற பக்கத்தின் பால் ஸ்க்ரூ நட்டைப் பிடித்துக்கொள்கிற பிராக்கெட் உயரமாகிப்போய், மேலே மேசையின் அடியில் முட்டியது. மேசை உட்காரவே இல்லை. மெஷின் துண்டு துண்டாக மேஜை மேலும் தரை மேலும் கிடக்கிறது. வெட்டித் தர மெஷின் இல்லை.

"ஃபைல் போட்டுத் தேச்சுடறேன்" என்றார் அண்ணன்.

"முகம் சதுரமா இருக்கணும். நீ தேச்சா உருளைக்கிழங்காத்தான் வரும்."

"அப்ப என்ன பண்ண?"

அக்கா கிழக்குச் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் லியென்செங் வீடு. லியென்செங்கும் மில்லிங் வேலைதான். பெரிய மெஷினே வைத்திருந்தார். சந்தில் எல்லோருக்கும் வேண்டியவர். வெற்றிலைப் பாக்கு மென்று மென்று சிவந்த வாய். மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மைக்கைப் பிடித்துக் கரோக்கேயில் பாடுவார். பல வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்கம் கெட்ட ஜின்ஹுவோ அண்ணன் போலீசுக்குப் போன் பண்ணிவிட்டார். போலீஸ்காரர் வந்து, தேநீர் குடித்து, ஒரு பாட்டும் பாடிவிட்டுப் போனார். மறுநாளே லியென்செங் ஸ்பீக்கரை லாய் வீட்டுச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். அன்றிலிருந்து இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் பேச்சில்லை.

"அவன்கிட்டயா? செத்தாலும் போக மாட்டேன்."

"சாகச் சொல்லல. பக்கத்து வீட்டுக்குப் போகச் சொன்னேன்."

"நீ போ."

"ஒசரமா வெட்டினது யாரு?"

அண்ணன் பிராக்கெட்டை நாளிதழில் சுற்றிக்கொண்டார். ஒரு பை பேரிக்காயும் எடுத்துக்கொண்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். லியென்செங் வாசலில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் மெல்வதை நிறுத்தினார்.

அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆ-பின், இதுல ரெண்டு மில்லி எடுக்கணும்னு அவர்ட்ட சொல்லு."

லியென்செங்கும் என்னைப் பார்த்தார்: "எங்க, குடுக்கச் சொல்லு."

கொடுத்தேன். பிரித்தார். கூடவே இருந்த தாளையும் பார்த்தார்.

"படம் யாரு போட்டது?"

"என் பொண்டாட்டி" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்து.

"அதான பாத்தேன், படம் சரியா இருக்கு. வெட்டினது?"

"நான்."

"அதுவும் தெரியுது."

அண்ணனின் காது சிவந்தது. லியென்செங் எழுந்தார். "வெட்டித் தரேன். ஆனா ஒரு நிபந்தனை."

"என்ன?"

"உள்ள வந்து உக்காரணும். ஒரு பாட்டு முழுசாக் கேக்கணும். நடுவுல எந்திரிக்கக் கூடாது, காதப் பொத்தக் கூடாது, போன எடுக்கக் கூடாது."

நான் சிரிப்பை அடக்கத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணன் தன் வீட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். தரையில் மெஷின் துண்டு துண்டாகக் கிடந்தது அவர் கண்ணுக்குள் தெரிந்திருக்கும்.

"ஒண்ணுதான?" என்றார்.

துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருக்கிறவனின் பாட்டு. லியென்செங் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஜின்ஹுவோ அண்ணன் மடியில் பேரிக்காய்ப் பையை வைத்துக்கொண்டு ஊசி போட வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்தது. லியென்செங் மைக்கை இறக்கினார்.

"எப்படி?"

"நேருக்கு நேர் கேட்டா அவ்வளவு மோசமில்ல" என்றார் அண்ணன். "சுவர் வழியா வரும்போதுதான் கெட்டுப்போவுது."

லியென்செங் விழுந்து விழுந்து சிரித்தார். பாக்குச்சாறு சட்டையில் தெறித்தது. பிராக்கெட்டை வைஸில் இறுக்கிப் பத்து நிமிஷத்தில் வெட்டிவிட்டார். ஆனால் அதை எங்கள் கையில் தரவில்லை. "நானே கொண்டுவரேன். நீங்க மாட்டினா அதையும் கெடுப்பீங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஷட்டருக்குள் குனிந்து வந்தவரைப் பார்த்த அக்கா, "வாங்க. சாப்டீங்களா?" என்றாள், நேற்றும் வந்துபோனவரைக் கேட்கிற மாதிரி.

*

அதற்குப் பிறகு லியென்செங்கை அனுப்புவதுதான் கஷ்டமாகிவிட்டது. காலையில் சோயாப் பால் வாங்கிக்கொண்டு வந்தால் மத்தியானச் சோறுவரை அங்கேயே. அவரும் அண்ணனும் ஒயர் கட்டுகிறேன் என்று மோட்டாருக்கு மோட்டார் சண்டை போட்டார்கள். அக்கா முக்காலியில் உட்கார்ந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

முதன்முதல் மின்சாரம் கொடுத்த அன்று, மேசையை வலது பக்கம் போகச் சொன்னால் அது இடது பக்கம் ஓடியது. "நிறுத்து! நிறுத்து!" என்று மூன்று பேரும் கத்தினார்கள். அண்ணன் சிவப்புப் பொத்தானை அறைந்த அறையில் சமர்த்துப் பொட்டலம் கீழே விழுந்தது.

"யாரு ஒயர மாத்திக் குடுத்தது?"

"இவன்தான்" என்று இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒருவரையொருவர் காட்டினார்கள்.

ஒயரை மாற்றிய பிறகு, அக்கா நகர்வை அளக்கிற தன் டயலை மேசையோரம் நிறுத்தி முள்ளைப் பூஜ்யத்தில் வைத்தாள். "பத்து மில்லி போகச் சொல்லு. இப்பத் திருப்பி வரச் சொல்லு." மேசை போனது, வந்தது. முள் சுற்றிப் போய்ச் சுற்றி வந்து பூஜ்யத்தில் நின்றது. மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடியும் பூஜ்யம். அவள் வலது கை, தொங்கல் துணிக்குள்ளேயே, காற்றில் கால் சுற்று திரும்பி நின்றதை நான் பார்த்தேன். இத்தனை வருஷமாக அந்த மணிக்கட்டு தாங்கிவந்த கால் சுற்று. இனி அது வேண்டியதில்லை.

"ம்" என்றாள். அன்றைக்கு அவளே இடது கையால் முள்ளங்கி முட்டை பொரித்தாள்.

கம்ப்யூட்டரில் எழுதுகிற வேலையை யார் செய்வது என்று கேள்வி வந்தபோது, லியென்செங் தாய்ச்சுங்கில் ஒரு பையனைத் தெரியும் என்றார். "எதுக்கு?" என்றாள் அக்கா. "எங்க போகணும், எவ்வளவு இறங்கணும், எப்பத் திரும்பணும். அவ்வளவுதான? அது எனக்குத் தெரியாதா?" அவள் தலையில் எல்லாமே சுற்றுக்கணக்காக இருந்தது. சுற்றை மில்லிமீட்டராக்கினாள். ஒற்றை விரலால், இடது கையால், ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அடிக்கும்போது வாய் முணுமுணுக்கும்: "வலப்பக்கம் ரெண்டே கால், இறங்கு, தூக்கு, அடுத்தது." தட்டு ஒன்றில் தூண்களை வரிசையாக இறுக்கி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடிக்கிற மாதிரி எழுதினாள். முதல் ஓட்டத்தில் கட்டர் 'ணங்'கென்று தட்டில் இடித்து உடைந்தது. ஒரு தசமப் புள்ளி வைக்க மறந்திருந்தாள்.

"ஒரு புள்ளிக்கு ஒரு கட்டரா!" என்றார் லியென்செங்.

"நான் இங்க பூச்சாடின்னு நெனச்சேன். நான் இல்லேன்னா இது தானாப் போய் முட்டிக்கும் போலிருக்கே!" அக்கா சிரித்தாள். அந்தத் தோள் வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து நான் அப்போதுதான் கேட்டேன்.

இரண்டாவது ஓட்டத்தில் நடுவே கையை உயர்த்தினாள். "கொஞ்சம் வேகம் குறைக்கணும். அழுவுது." வேறு யாருக்கும் கேட்கவில்லை. குறைத்தாள். அழுகை நின்று, பழைய சீரான உறுமல் வந்தது. தட்டு முடிந்ததும் ஒரு தூணைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாய்க்கா?" என்றார்.

"கோர்க்கிற பட்டறைக்கு" என்றாள்.

*

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய ஒரு நாள் நான் என் இரண்டு கூடைகளும் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே மெஷின் அடுத்த தட்டை வெட்டிக்கொண்டிருந்தது. அண்ணனும் லியென்செங்கும் அதன் முன்னால் நாற்காலி போட்டு நாடகம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வாசலுக்கு வந்து நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவளாக நின்றாள்.

"ஆ-பின், இத எங்க கொண்டுபோற?"

"பட்டறைக்குத்தான்க்கா. ரயில் லைனுக்கு அந்தப் பக்கம்."

"நான் போனதேயில்ல."

நம்ப முடியவில்லை. அந்தப் பட்டறை ஸ்கூட்டரில் பத்து நிமிஷம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், போக அவளுக்கு நேரம் ஏது? காலையிலிருந்து இருட்டும்வரை கை கைப்பிடியில். சாமானை எடுத்துப்போகத்தான் நான் வருகிறேனே.

"ஏறுங்க."

ஹெல்மெட்டைக்கூட நான்தான் மாட்டிவிட்டேன். கூடைகளுக்கும் எனக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வழியில் பூந்தோட்டங்களையும், காகிதம் சுற்றிய பேரிக்காய் மரங்களையும் பார்த்து, "இதெல்லாம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

பட்டறையில் பாதி கோர்த்த குழல்கள் வரிசையாகத் தொங்கின. கோர்க்கிற பெண்ணிடம் நான் சொன்னேன்: "தூண் போடற அக்கா இவங்கதான்." அவள் எழுந்து நின்றுவிட்டாள். "நீங்களா? உங்க தூணுக்கு ராவவே வேண்டாம்க்கா, விசை தானாப் போய் உக்காரும்" என்று ஒரு முழுக் குழலை எடுத்து அக்கா கையில் கொடுத்தாள். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு, தன் தூண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனாள். பிறகு ஒரு விசையை அழுத்தினாள். சத்தமில்லாமல் இறங்கி, விட்டதும் எழுந்தது. மறுபடி அழுத்தினாள்.

சோதித்து ஊதுகிறவர் அந்தக் குழலை வாங்கி உதட்டில் வைத்தார். எங்கள் ஊரில் இந்த ஓசை எங்கேயும் கேட்கும். கோவிலில், கல்யாணத்தில், டீக்கடை ரேடியோவில். ஆனால் ஒரு முழம் தூரத்தில், தன் தூண்களின் மேல் விசைகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டதில்லை. அவர் மெதுவான ஒரு பழைய மெட்டை எடுத்தார். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி அவர் விரல்களைப் பார்த்தாள்.

நடுவில் அவள் பையில் போன் அடித்தது. எடுத்தாள். அண்ணனின் குரல் எனக்கே கேட்டது.

"சூமெய்! மெஷின் நின்னுடுச்சு! நாங்க ஒண்ணும் பண்ணல, தொடக்கூட இல்ல, தானா நின்னுடுச்சு!"

"திரையில என்ன எழுதியிருக்கு?"

அந்தப் பக்கம் இரண்டு குரல்கள் கலந்து பேசின. "முடிந்ததுன்னு எழுதியிருக்கு."

"அப்ப முடிஞ்சுதுன்னு அர்த்தம். தட்டக் கழட்டு, எண்ணெயத் துடை, அடுத்த தட்ட வெச்சு இறுக்கு, பச்சைப் பொத்தான அமுக்கு."

"நீ எப்ப வருவ?"

அக்கா ஊதுகிறவரைப் பார்த்தாள். அவர் நிறுத்தவா என்று புருவத்தால் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"எனக்கு இங்க வேலை இருக்கு. லேட்டாகும்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.